துவக்குப் போட்டிக்கு ஒரு வண்டில்



துவக்கைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது மனைவி கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு வேறை விசயம் கிடைக்கேல்லையோ?" என்பதுதான். அவர் கேட்டதில் பிழையில்லை. துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது விளையாட்டு அல்ல. ஆனாலும் நான் இன்றைக்குப் பேச வந்தது துவக்கை ஏற்றிப் போகும் வண்டிலைப் பற்றித்தான். ஒரு பழைய ஸ்ரோலரை, அதாவது கைக்குழந்தையை வைத்துத் தள்ளும் மூன்று சில்லு வண்டியை, நான் எப்படி மாற்றினேன், ஏன் மாற்ற வேண்டி வந்தது என்ற கதை இது. இதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் மகளுக்கு இப்போது 16 வயது. 12 வயதில் கடேற்றில் சேர்ந்தாள். ஊரிலும் முன்பு சில பெரிய பள்ளிக்கூடங்களில் கடேற் இருந்தது, மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். கனடாவில் 12 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் அதில் சேரலாம், சேரக் காசு கேட்பதில்லை. காற்றுத் துவக்கால் 10 மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசிக்குச் சுடுவது அங்கே ஒரு பயிற்சி. மகளுக்கு அது பிடித்துவிட்டது. மூச்சை அடக்கி, உடம்பை அசைக்காமல், ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருப்பது அவளுடைய குணத்துக்குச் சரியாக இருந்தது. பிறகு ஒரு கழகத்தில் சேர்ந்து பெரிய துவக்குச் சுடவேண்டும் என்றாள். இங்கே 12 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் அனுமதிப்பத்திரம் என்று ஒன்று உண்டு. அதை வைத்துத் துவக்குச் சொந்தமாக வாங்க முடியாது, இரவல் வாங்கிச் சுடலாம். நானும் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதினேன். அந்த வயதில் பரீட்சை மண்டபத்தில் இருந்தது ஒரு தனி அனுபவம்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் துவக்கு?" என்று கேட்ட சொந்தக்காரர் ஒருவரா இருவரா? அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிஸ்லி என்ற இடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அரசர் பரிசுப் போட்டியை 1930இல் மார்ஜரி பொஸ்ரர் என்ற பெண்மணி வென்றார். அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஓர் இராணுவ அதிகாரியை முந்தினார். 1930இல் நடந்ததை இப்போதும் கேள்வியாகக் கேட்க வேண்டுமா என்று நான் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

சரி, போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் வண்டில் ஏன் தேவை என்று விளங்கும்.

மகள் சுடுவது பெருந்துளைத் துவக்குப் போட்டி. நிலத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, கையில் வார் மாட்டி, தொலைநோக்கி பூட்டாத துவக்கால் சுடவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு ரவைதான் போடலாம். 300 மீற்றரில் தொடங்கி 500, 600 என்று பின்னால் போய், பெரிய சுடுதளங்களில் 900 மீற்றர் வரை போகும். இலக்குகள் ஓரிடத்தில் நிற்கும், சுடுகிற ஆட்கள்தான் பின்னால் நகரவேண்டும். ஒரு தூரம் முடிந்ததும் பாயைச் சுருட்டி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அடுத்த மேட்டுக்கு நடக்க வேண்டும். அது சீமெந்துப் பாதை அல்ல. புல்லு, சரளைக் கல்லு, மழை பெய்திருந்தால் வாகனச் சில்லுப் பதிந்த பள்ளம். தளத்துக்குள் காரைக் கொண்டுபோக எல்லா இடமும் விடமாட்டார்கள்.

கொண்டுபோகும் சாமானை ஒருநாள் குளியலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். துவக்கு ஐந்தரைக் கிலோ. அடித்த அடி எங்கே பட்டது, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கும் தொலைநோக்கியும் அதன் காலும் நாலு கிலோ. பாய் இரண்டரை. தடித்த ஜக்கெற், கையுறை, வார் எல்லாமாக மூன்று. ரவை ஒன்று சுமார் 24 கிராம், 80 ரவை கொண்டுபோனால் இரண்டு கிலோவுக்குக் கிட்ட. தண்ணீர் நாலு லீற்றர் நாலு கிலோ. மழை உடுப்பு, சாப்பாடு, துடைக்கும் கம்பியும் சில்லறை ஆயுதங்களும் சேர்ந்து இன்னொரு ஆறு. மொத்தம் 27 கிலோ. இதை ஒரு பிள்ளை தோளில் சுமந்து நாலைந்து நூறு மீற்றர் நடந்துவிட்டு, உடனே படுத்துச் சுடவேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். இருதயம் துடிக்கிற துடிப்பில் துவக்கின் குறி மேலும் கீழும் ஆடும். மூச்சு வாங்குகிறவர் தூர இலக்கை அடிக்க முடியாது. சுமை தோளை நோகச் செய்வது ஒரு பக்கம், புள்ளியையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே முதல் வருடம் நான் ஒரு வேலை செய்தேன். கொழும்புக்குப் போய்வரும்போது 23 கிலோப் பெட்டிகளை இழுக்க வாங்கிய மடக்கு ட்ரொலி ஒன்று கராஜில் கிடந்தது. அதில் ஒரு நீளப் பையை நிமிர்த்திக் கட்டி, துவக்கை அதற்குள் வாய் மேலே வர நிறுத்தி, மிச்சச் சாமான்களைச் சுற்றிவரத் தொங்கவிட்டு, கொழுக்கி போட்ட றப்பர் கயிறு நாலால் இழுத்துக் கட்டினேன். பார்க்கக் காவடி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை.

அந்தத் துவக்கு எங்களுடையது அல்ல. கழகத்தில் இருக்கும் ஒரு பெரியவர் தான் பல வருடமாகச் சுட்ட துவக்கை மகளுக்கு அந்தப் பருவம் முழுவதும் இரவல் தந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார்.

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, 300 மீற்றர் முடிந்து 500க்குப் போகிறோம். முதல்நாள் மழை. மகள் தொலைநோக்கியைக் கையில் கொண்டு முன்னால் போகிறாள், நான் ட்ரொலியை இழுத்துக்கொண்டு பின்னால். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கியது. நான் இழுத்தேன். சில்லு ஏறவில்லை, ட்ரொலி சரிந்தது. துவக்கின் வாய் நேரே ஈர மண்ணில் போய்க் குத்தியது.

நான் உடனே நிமிர்த்தி, கைலேஞ்சியால் வெளியே துடைத்துவிட்டு, "ஒண்டுமில்லை, நட" என்றேன். உண்மையைச் சொல்கிறேன் நேயர்களே, என் மனதில் இருந்தது ஒன்றுதான்: அந்தப் பெரியவர் பார்த்துவிட்டாரோ? இத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் எங்கள் மானம் போகிறதே என்ற எண்ணம். மகள் நின்றுவிட்டாள். "அப்பா, குழலுக்கை மண் கிடந்தால்? சொல்லாமல் சுடேலாது" என்றாள். நேரம் போகிறது, உன் முறை வந்துவிடும் என்றேன். அவள் கேட்கவில்லை. தளப் பொறுப்பாளரிடம் தானே போய்ச் சொன்னாள்.

அவர் வந்து, பின்பக்கம் திறந்திருந்த வழியால் குழலுக்குள் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டமாகத் தெரியவேண்டிய வெளிச்சம் பிறை மாதிரித் தெரிந்தது. வாயில் மண் அடைத்திருந்தது. அதோடு சுட்டிருந்தால் ரவைக்குப் பின்னால் வரும் வாயு போக இடமில்லாமல் குழல் வீங்கியிருக்கும், அல்லது வெடித்திருக்கும். அந்தக் குழலில் இருந்து சில அங்குலம் தள்ளித்தான் பிள்ளையின் முகமும் கையும் இருக்கும்.

அன்றைக்கு 500 மீற்றர் அவளுக்கு இல்லாமல் போனது. நான் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. கம்பியைப் பின்பக்கத்தால் விட்டு, துணி மாற்றி மாற்றித் துடைத்து, முன்குறியை விரலால் ஆட்டிப் பார்த்தார். அது சற்று அசைந்திருந்தது. பிறகு எங்களைத் தன் வாகனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய ஸ்ரோலரைக் காட்டினார். இருக்கைத் துணி இல்லை. அடியில் ஒரு மரப்பெட்டி, பின்னால் துவக்கு நிறுத்தும் தாங்கி, பக்கத்தில் பாய்க்கு ஒரு வார். அவருடைய பேரப்பிள்ளையின் ஸ்ரோலராம்.

இந்த வேலை அவருடைய கண்டுபிடிப்பும் அல்ல. வட அமெரிக்காவில் ஸ்ரோலரை மாற்றுவது பழகிப்போன வழக்கம். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில், ஒகையோ மாநிலத்தில் காம்ப் பெரி என்ற இடம் இருக்கிறது. 1907இல் அங்கே தேசியப் போட்டிகள் தொடங்கின. அங்கே 200, 300, 600 யார் தூரங்களில் சுடுவார்கள். சுடுகிற ஆட்களே முறை வைத்து இலக்குக் குழிக்குள் போய் மற்றவர்களுக்கு இலக்கை ஏற்றி இறக்கவேண்டும். அந்த நேரமெல்லாம் அவர்களுடைய சாமான் வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்கும். அதனால் அவர்களுடைய வண்டில்கள் ஒரு சின்ன வீடு மாதிரி, கூரை முதற்கொண்டு எல்லாம் இருக்கும். பிஸ்லியில் அந்தக் காலத்தில் இதைவிடச் சொகுசு: 1890இல் போட்டி விம்பிள்டனில் இருந்து அங்கே மாறியபோது, முகாம் வாசல் வரை தனியாக ஒரு ரயில் பாதையே போட்டார்கள். 1952இல் அதை மூடிவிட்டார்கள். எங்களுக்கு ரயில் இல்லை, ஸ்ரோலர்தான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மகள் பிறந்த வருடம் வாங்கியது. மனைவி அதை யாருக்கும் கொடுக்க விடாமல் கராஜின் கூரையில் தொங்கவிட்டிருந்தார். இருக்கைத் துணியை நான் வெட்டுவதற்கு அவரிடம் அனுமதி எடுக்க இரண்டு கிழமை சென்றது. கடைசியில் அவரே தையலைப் பிரித்துக் கழற்றி, துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சட்டத்தை மட்டும் என்னிடம் தந்தார்.

இனி வண்டில் விசயத்துக்கு வருகிறேன். முதலில் சில்லு. என் ட்ரொலிச் சில்லு 15 சென்ரிமீற்றர் விட்டம். ஸ்ரோலரின் சில்லு 40. ஐந்து சென்ரிமீற்றர் உயரமான ஒரு கல்லோ வரம்போ குறுக்கே வந்தால், 15 சென்ரிமீற்றர்ச் சில்லை அதன்மேல் ஏற்ற அந்தச் சில்லின் மேல் இருக்கும் பாரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பலத்தால் இழுக்க வேண்டும். 40 சென்ரிமீற்றர்ச் சில்லுக்கு அந்தப் பாரத்திலும் குறைவான பலம் போதும். மாட்டு வண்டிலுக்கு ஏன் ஆள் உயரச் சில்லுப் போட்டார்கள் என்று இப்போது விளங்குகிறது அல்லவா? சந்தைக்குப் போன எங்கள் அப்பு கணக்குப் பார்க்காமலே அறிந்திருந்த விசயம். காற்று அடிக்கும் ரயர் என்றால் இன்னும் நல்லது, குலுக்கம் குறையும். ஆனால் ஒரு ரியூப்பும் சின்னப் பம்பும் பெட்டிக்குள் கிடக்கட்டும்.

அடுத்தது சரிவு. ஒரு வண்டில் எப்போது கவிழும் என்பதைச் சில்லுகளுக்கு இடையிலான அகலமும் பாரம் இருக்கும் உயரமும் சேர்ந்து தீர்மானிக்கும். என் ட்ரொலியின் அகலம் 35 சென்ரிமீற்றர், பாரத்தின் நடு 80 சென்ரிமீற்றர் உயரத்தில். 12 பாகை சரிந்தாலே கவிழும். அது விழுந்ததில் அதிசயம் இல்லை, 300 மீற்றரில் இருந்து அவ்வளவு தூரம் விழாமல் வந்ததுதான் அதிசயம். ஸ்ரோலரின் பின் அகலம் 60. பாரத்தை 50 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இறக்கி, பின் அச்சுக்கு நேர்மேலே வைத்தால் 31 பாகை வரை தாங்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று சில்லு வண்டில் முன்னால் ஒடுங்கி ஒற்றைச் சில்லில் முடிகிறது. பாரம் முன்னுக்குப் போகப் போக அதற்குக் கிடைக்கும் அகலமும் ஒடுங்கும். பின் அச்சுக்கும் முன் சில்லுக்கும் இடையில் கால்வாசி தூரம் பாரம் முன்னே போனாலே 31 பாகை 24 ஆகிவிடும். ஆகவே தண்ணீர், ரவை, ஆயுதப் பெட்டி போன்ற பாரமான சாமான்கள் எல்லாம் அடியில், பின் அச்சோடு ஒட்டி. முன்னுக்குப் பஞ்சு போன்றவைதான்: மழை உடுப்பு, தொப்பி, சாப்பாடு. அதற்காக அச்சுக்குப் பின்னால் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. கைபிடியில் ஜக்கெற்றைக் கொழுவிவிட்டுக் கையை எடுத்தால் வண்டில் மல்லாந்து விழும். ஸ்ரோலர் வைத்திருந்த எல்லாத் தாய்மாருக்கும் இது தெரியும், சந்தைப் பையைக் கைபிடியில் கொழுவிப் பிள்ளையைத் தூக்கியவுடன் நடப்பதுதான்.

முன் சில்லு சில ஸ்ரோலரில் இடம் வலம் சுழலும். கடைத்தெருவுக்கு அது வசதி. புல்லில் அது தன்பாட்டுக்குத் திரும்பி வண்டிலைக் கவிழ்க்கப் பார்க்கும். பூட்டிவிடுங்கள். பெரிய பள்ளம் வந்தால் வண்டிலைத் திருப்பி, பின் சில்லு முன்னால் வர இழுத்துக் கடக்க வேண்டும். தள்ளும்போது கைபிடி வழியே கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கு சில்லை நிலத்துக்குள் அமர்த்தும். இழுக்கும்போது அதே பலம் சில்லைத் தூக்கிக் கொடுக்கும்.

பெட்டியை நான் பிளைவூட்டில் செய்தேன், 12 மில்லிமீற்றர்ப் பலகை. சட்டத்தில் துளை போடவில்லை. மெல்லிய அலுமினியக் குழாயில் துளை போட்டால் அந்த இடத்தில் முறியும். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பட்டி வாங்கிச் சுரையும் ஆணியும் போட்டு முறுக்கினேன். எங்கள் ஸ்ரோலரில் ஒட்டியிருந்த தாளில் 34 கிலோவுக்கு மேல் ஏற்றவேண்டாம் என்று இருந்தது. சாமான் 27, பெட்டியும் தாங்கியும் ஐந்து. மட்டுமட்டாகச் சரி. முதலில் தடித்த பலகையில் ஒரு பெட்டி செய்து, தராசு காட்டியதைப் பார்த்து அதை மனைவியின் பூச்சாடிக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது துவக்குத் தாங்கி. இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். துவக்கின் பிடங்கு உட்கார அடியில் நுரை போட்ட ஒரு கிண்ணம். பிடங்கு என்ற சொல்லை ஊரில் நாங்கள் எப்படிக் கற்றோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே குழல் சாய ஒரு கவட்டை, தண்ணீர்க் குழாய்க்கு மேல் போடும் நுரை உறையை வெட்டி அதற்குப் போர்த்தினேன். அதற்குக் குறுக்கே ஒரு வெல்குறோப் பட்டி. இரும்பு இரும்பில் படக்கூடாது, குறிகள் எதிலும் முட்டக்கூடாது. காரணம் இதுதான். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே சுமார் 85 சென்ரிமீற்றர். அதில் ஒன்று கால் மில்லிமீற்றர், அதாவது இரண்டு மூன்று கடதாசித் தடிப்பு அசைந்தால், 600 மீற்றரில் அடி 17 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும், 900இல் 26 சென்ரிமீற்றர். கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டு, நடுவில் பட வேண்டிய அடியை வெளியே கொண்டுபோய்விடும். பிள்ளை தன்னில்தான் பிழை என்று நினைத்து மனம் சோர்ந்துவிடும். அன்று 600 மீற்றரில் மகளுக்கு அதுதான் நடந்தது. குறியைத் திரும்பச் சரிசெய்வதற்கு அவளுக்குக் கிடைத்தது பார்வைச் சூடு இரண்டுதான். அது போதவில்லை.

துவக்கின் பின்பக்கத்தில் உருவி எடுக்கக்கூடிய போல்ற் ஒன்று உண்டு. அது இல்லாமல் துவக்குச் சுடாது. அது எங்கள் வண்டிலில் தனியாக, மூடிபோட்ட ஒரு டப்பாவில் இருக்கும். அது இருந்த ஓட்டைக்குள் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கொடி ஒன்று செருகியிருக்கும். இருபது முப்பது அடி தூரத்தில் இருந்தே யாரும் பார்த்து, இது வெறுமையான துவக்கு என்று அறியலாம். இதற்காகத்தான் தாங்கியை மறைவாக உள்ளே வைக்காமல், திறந்த பக்கமாகப் பூட்டினேன். வாய் வானத்தைப் பார்க்கும். சில தளங்களில் உறைக்குள் போட்டுத்தான் கொண்டு நடக்கவேண்டும் என்பார்கள், முதலில் அந்தத் தளத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சொந்த விசயம். நான் வளர்ந்த காலத்தில், சோதனைச் சாவடியில் துவக்கின் வாய் எங்கள் பக்கம் பார்த்தபடிதான் இருக்கும். சைக்கிளை விட்டு இறங்கி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு உருட்டிப் போவோம். இங்கே தளத்தில் தவறுதலாக ஒருவர் பக்கம் வாயைத் திருப்பினால், அவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல்நாள் அதைக் கண்டபோது எனக்கு ஏதோ செய்தது. மகளுக்கு இது விளங்கவில்லை. விளங்காமல் இருப்பது நல்லது என்று விட்டுவிட்டேன்.

ரவைப் பெட்டிக்கு வருவோம். வெயிலில் சூடேறிய ரவை, நிழலில் இருந்த ரவையைவிட வேகமாகப் போகும், உள்ளே அமுக்கமும் கூடும். ஒரே நாளில் காலைக்கும் மத்தியானத்துக்கும் அடி மேலும் கீழும் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வெப்பம் புகாத பை ஒன்றில் வைக்கிறோம். ஐஸ் போடக்கூடாது, வியர்த்து ஈரமாகிவிடும். ரவை ஈரமாக இருந்தால் துவக்கின் உட்சுவரில் அது பிடிக்காமல் வழுக்கி, முழு உதையையும் போல்ற்றின் மேல் போடும். அது ஆபத்து. ஆகவே மழை நாளில் முதலில் மூட வேண்டியது ரவையை, பிறகு துவக்கை, கடைசியாகத்தான் எங்களை. பழைய மழைக்கோட்டு ஒன்றை வெட்டி, ஒரே இழுவையில் வண்டில் முழுவதையும் மூடும் போர்வையாக மனைவி தைத்துத் தந்தார். கைபிடிப் பக்கம் கறுப்பு, முன்பக்கம் மஞ்சள், இருந்த துணி அவ்வளவுதான்.

குடை பூட்டலாமா என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை கடற்கரைக் குடை ஒன்றைப் பூட்டினேன். காற்று வந்தது, வண்டில் பாய்மரக் கப்பலாகப் புறப்பட்டது. இப்போது நிற்கும்போது மட்டும் சின்னக் குடை, பிறேக் போட்டு, ஒரு சில்லுக்குக் கல்லு வைத்த பிறகு. சுடுமேடுகள் சில முன்பக்கம் சரிந்திருக்கும். பிறேக் போடாத வண்டில் சுடுகிறவர்களின் வரிசைக்குள் உருண்டு போனால் போட்டி முழுவதும் நிற்கும். இடி முழக்கம் கேட்டால் குடையை மடக்கிவிட்டுக் காருக்குள் போங்கள். வெட்டவெளியில் அதைவிட வேறு வழியில்லை.

வீட்டில் இருந்து தளத்துக்குப் போகும்போது துவக்கு வெறுமையாக, பூட்டிய பெட்டிக்குள். வழியில் கோப்பி குடிக்க நிறுத்தினால் கார் பூட்டியிருக்க வேண்டும், பெட்டி வெளியே தெரியக்கூடாது. நாங்கள் ஒருவர் காரிலேயே இருந்துவிடுவோம். வண்டில் எங்கள் கொறோலாவின் டிக்கிக்குள் போகிறது, முன் சில்லைக் கழற்றிப் பெட்டியை வேறாக எடுத்தால். செய்யத் தொடங்குமுன் டிக்கியை அளக்காமல் விட்டது என்னுடைய இன்னொரு பிழை. பெட்டியின் ஒரு பக்கத்தை நாலு சென்ரிமீற்றர் அரிந்துதான் உள்ளே போட முடிந்தது.

போன ஓகஸ்ட்டில் ஒட்டாவாவுக்கு மேற்கே இருக்கும் கொனோற் சுடுதளத்துக்குப் போனோம். கனடாவின் தேசியப் பெருந்துளைப் போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன. அதை நடத்தும் சங்கம் 1868இல் தொடங்கியது, கனடா ஒரு நாடாகி ஒரு வருடத்தில். அங்கே வண்டில்களைப் பார்க்கவேண்டும்! சைக்கிளுக்குப் பின்னால் கொழுவியவை, பழைய கோல்ப் வண்டில்கள், இரட்டைப் பிள்ளைகளின் ஸ்ரோலர் ஒன்றில் புருசனும் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் சாமான் வைத்திருந்தார்கள். துவக்கு இரவல் தந்த பெரியவரும் வந்திருந்தார். எங்கள் வண்டிலைச் சுற்றிவந்து, கவட்டையின் நுரையை அமத்திப் பார்த்து, வெல்குறோப் பட்டியை இரண்டுதரம் திறந்து மூடினார். பிறகு தன் வண்டிலின் கயிற்றைக் காட்டி, தனக்கும் அப்படி ஒரு பட்டி வேண்டும் என்றார். மகள் அன்று மாலையே மிச்சத் துண்டில் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள்.

900 மீற்றரில் காற்று அவளைப் படாதபாடு படுத்தியது. அதற்கு வண்டில் மருந்தில்லை. ஆனால் பார்வைச் சூடு இரண்டும் இலக்கில் பட்டன, குறி அசைந்திருக்கவில்லை.

வண்டிலின் அளவுகளையும் பட்டி வாங்கிய விபரத்தையும் ஒரு தாளில் கீறி வைத்திருக்கிறேன். கடேற்றில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாருக்கும் தேவையென்றால் எங்கள் நிலையத்துக்கு எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன். பழைய ஸ்ரோலர் வைத்திருப்பவர்கள் குப்பையில் போடுமுன் ஒருதரம் கேட்டுப்பாருங்கள். மகளோடு சுடும் இரண்டு பிள்ளைகள் இன்னும் தோளில்தான் சுமக்கிறார்கள்.